முன்பக்கத்தைப் பார்த்து விலை பேசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பின் வீட்டு அலங்காரப் பக்கத்தில், பிரெஞ்சு அரச பாணி இழுப்பறை மேசைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகு. மேலே மார்பிள் பலகை, வயிறு தள்ளிய முன்பக்கம், மூலைகளில் பொன்னிற வெண்கல வேலைப்பாடு, கீழே மெல்ல வளைந்து இறங்கும் கால்கள். இங்கே பிரான்சில் இதைக் கொமோத் என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். வாங்குபவர்களுக்குக் கட்டுரை சொன்ன ஆலோசனைதான் என்னை எழுத வைத்தது. கால் வளைந்திருந்தால் பதினைந்தாம் லூயி காலம், நேராக இருந்தால் பதினாறாம் லூயி காலம், மார்பிளுக்கு அடியில் முத்திரை இருந்தால் தைரியமாக வாங்கலாம் என்று மூன்றே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த மூன்று வரியை நம்பி, இங்கே இருக்கும் நம்மவர்கள் யாராவது பல ஆயிரம் யூரோவோடு கடைக்குப் போய்விடக் கூடாது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் ஃபோபூர் சேன்-தந்துவான் வட்டாரத்துப் பட்டறை ஒன்றில் மெருகு போடும் ஆளாகச் சேர்ந்து, பிறகு வெனீர் என்னும் மெல்லிய மரத்தகட்டை ஒட்டவும் இழுப்பறை சரிசெய்யவும் கற்று, அந்தத் தொழிலிலேயே ஓய்வு பெற்றவன். நான் வியாபாரி இல்லை. நிபுணர் என்று கையெழுத்துப் போடும் தகுதியும் எனக்கில்லை. ஆனால் கொமோத்தைக் கவிழ்த்துப் போட்டு வேலை பார்த்தவன் கண்ணில் படுவது, அதை வரவேற்பறையில் நிறுத்தி ரசிப்பவர் கண்ணில் படாது.

முதலில் அந்தக் கால் விஷயம். காலின் வளைவு எந்த ராஜாவின் பாணி என்று சொல்லும், எந்த வருஷம் செய்தது என்று சொல்லாது. வளைந்த கால் 1750-இல் செய்ததாகவும் இருக்கலாம், 1890-இல் செய்ததாகவும் இருக்கலாம், போன வருஷம் செய்ததாகவும் இருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனிக்கு, பதினாறாம் லூயியின் ராணி மரி அந்துவானெத் மீது தீராத மோகம். அவர் ரசனையைப் பணக்காரர்கள் பின்பற்ற, பாரிஸ் பட்டறைகள் பழைய அரச பாணிகளை மறுபடியும் செய்து தள்ளின. அந்த அலை அந்த ஆட்சியோடு ஓயவில்லை, இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 'பதினைந்தாம் லூயி' என்ற பெயரோடு எங்கள் பட்டறைக்கு வந்த கொமோத்துகளில் பாதிக்கு மேல், அந்த ராஜா செத்து நூறு வருஷம் கழித்துச் செய்தவை.

செய்தவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. போல் சொர்மானி, ஆன்ரி தாசோன், ஆல்ஃபிரெத் பெர்த்லே, பிரான்சுவா லிங்க் எல்லாம் கை தேர்ந்த கலைஞர்கள். லிங்க் 1900-ஆம் வருஷத்து பாரிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியவர். அவர்கள் எதையும் ஒளிக்கவும் இல்லை. சொர்மானி, லிங்க் இருவரின் பெயரும் இழுப்பறைப் பூட்டின் தகட்டிலேயே பொறித்திருக்கும். அதனால் இழுப்பறையைத் திறந்தவுடன் பூட்டின் தகட்டைப் படித்துவிடுவது என் பழக்கம். இவர்கள் செய்த நல்ல கொமோத், ஊர் பேர் தெரியாத பதினெட்டாம் நூற்றாண்டுச் சாமானைவிட அதிக விலைக்குப் போவதும் உண்டு. நகல் என்பதில் கேவலம் ஒன்றுமில்லை. அதை 1750 என்று சொல்லி விற்கும்போதுதான் தகராறு.

ராஜா வீட்டுச் சாமான் என்ற ஆசையையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். அரசர்களுக்காகச் செய்த பெரிய கொமோத்துகள் எங்கே இருக்கின்றன என்பது ஊருக்கே தெரியும். ஆந்த்ரே-ஷார்ல் பூல் 1708-09 வாக்கில் பதினான்காம் லூயியின் திரியானோன் மாளிகைக்குச் செய்த இரண்டும் இன்று வெர்சாய் அரண்மனையில் இருக்கின்றன. பித்தளையும் ஆமை ஓடும் பதித்த வேலை. மார்பிள் பாரத்தைத் தாங்க நான்கு காலோடு இன்னும் நான்கு கால் சேர்த்திருப்பார். எனக்கென்னவோ அது எப்போதும் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் தெரியும், ஆனால் நகல் எடுப்பவர்களுக்கு அதன் மேல் அவ்வளவு பிரியம். 1737-இல் ராணி மரி லெஸ்சின்ஸ்காவுக்காக ஃபோந்தேன்புளோ அரண்மனைக்குப் போன கொமோத், ஜப்பானிய லாக்கர் மெருகு பூசிய பலகையை மெல்லியதாகச் சீவி வளைவின் மேல் ஒட்டியது. வான் ரிசன்பர்க் குடும்பத்து இரண்டாம் பெர்னார் செய்த அந்த அதிசயம் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1739-இல் பதினைந்தாம் லூயியின் வெர்சாய்ப் படுக்கையறைக்கு அந்துவான் கோத்ரோ செய்தது, லண்டனில் வாலஸ் காட்சியகத்தில் நிற்கிறது.

புரட்சி வந்தபோது 1793 ஆகஸ்டில் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருஷம் வெர்சாய்ச் சாமான்களை ஏலம் போட்டார்கள். ஏலத்துக்கு வந்தவை 17,000 உருப்படிக்கு மேல். மரி அந்துவானெத்துக்கு அத்தனை சாமான் செய்துகொடுத்த ஜான்-ஆன்ரி ரீஸ்னேர், தன் கை வேலையில் சிலவற்றைத் தானே ஏலத்தில் திரும்ப எடுத்தார். பிறகு விற்க ஆள் கிடைக்காமல் திண்டாடினார், பாவம். இப்படிச் சிதறியதால், அரண்மனைச் சாமான் ஒன்று இன்னும் ஏதோ கிராமத்து வீட்டில் கிடக்கலாம் என்பது நடக்காத காரியமில்லை. ஆனால் அதற்கு அடையாளம் உண்டு. அரசரின் மரச்சாமான் துறை தனக்கு வந்த உருப்படிக்கு எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டது. அந்த எண்ணைச் சாமானின் மறைவான பக்கத்தில் எழுதியிருப்பார்கள். வெர்சாய் என்றால் கிரீடத்தின் கீழ் இரண்டு 'வி' பின்னிய சூட்டுக்குறியும் இருக்கும். அந்தப் பதிவேடுகளை பிரான்சின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் பார்க்கலாம். அரண்மனையிலிருந்து வந்தது என்று கடைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னால், எண் என்ன என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

சரி, முத்திரை. பாரிஸ் தச்சர் சங்கம் 1743-இல் எழுதி 1751-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, சங்கத்தில் சேர்ந்த ஒவ்வொரு மேஸ்திரியும் தன் பெயரைச் சாமானில் அடித்தாக வேண்டும். சங்கத்தின் பரிசோதகர்கள் பட்டறைகளைச் சுற்றி வந்து, வேலை தரமாக இருந்தால் பக்கத்தில் ஜே.எம்.இ. என்ற மூன்றெழுத்தை அடிப்பார்கள். 1791-இல் சங்கங்களையே கலைத்தபோது இதுவும் போயிற்று. மார்பிளைத் தூக்கினால், மூலைத் தூண்களின் தலையில் பெரும்பாலும் இந்த முத்திரை இருக்கும். இதுவரை கட்டுரை சொன்னது சரி.

ஆனால் பூல் முத்திரை அடிக்கவில்லை. ஷார்ல் கிரெசான் என்ற இன்னொரு பெரிய கலைஞரும் அடிக்கவில்லை. அரசரின் பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. சங்க அதிகாரம் செல்லாத சலுகைப் பகுதியான எங்கள் ஃபோபூரில் குடியேறிய ஜெர்மன், பிளெமிஷ் கைவினைஞர்களுக்கும் கிடையாது. இன்னொரு பக்கம், பழுது பார்த்தவரும் விற்றவரும்கூடத் தங்கள் பெயரை அடித்திருக்கிறார்கள். ஒரே கொமோத்தில் இரண்டு பெயர் இருப்பது அப்படித்தான். எல்லாவற்றுக்கும் மேலே, இரும்பு அச்சு செய்வது பெரிய வித்தையில்லை. ஆக, முத்திரை இல்லாததால் போலி என்றும் ஆகாது, இருப்பதால் அசல் என்றும் ஆகாது. நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். அப்போதும் பெயரைவிட எழுத்தின் பள்ளத்தைத்தான் பார்ப்பேன். சுற்றியுள்ள மரம் கறுத்திருக்க, பள்ளத்தின் உள்ளே மட்டும் வெளுப்பாக இருந்தால் மார்பிளைத் திரும்ப வைத்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

எங்கள் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பம். மகள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுக்க கொமோத் ஒன்று வாங்கினார்கள். பாரிஸ் கடைதான், பெயர் வேண்டாம். "ஓரத்தில் ஒரு கீறல் இருக்கு அண்ணே, வந்து மெருகு போட்டுக் கொடுங்க" என்று கூப்பிட்டார்கள். போனேன். முன்பக்கம் கண்ணைப் பறித்தது. சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தினோம். பின்பலகை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகக் கறுப்பு. ஈரத் துணியால் துடைத்ததும் துணியில் பழுப்புச் சாயம் ஏறியது. வால்நட் தோலிலிருந்து எடுக்கும் சாயம் அது. புது மரத்துக்கு வயது ஏற்றுவதற்கு அதைவிட மலிவான வழி கிடையாது. இழுப்பறையை உருவிக் கவிழ்த்தேன். அடிப்பலகையில் வில் போன்ற கோடுகள், வட்ட ரம்பம் ஓடிய தடம். அந்த ரம்பம் பதினைந்தாம் லூயி காலத்துப் பட்டறையில் இல்லை.

பில்லைக் கேட்டேன். அதில் "ஸ்தீல் லூயி 15" என்று அழகாக எழுதியிருந்தது. 'ஸ்தீல்' என்றால் பாணி, அவ்வளவுதான். பதினெட்டாம் நூற்றாண்டு என்று கடைக்காரர் சொன்னதெல்லாம் வாய் வார்த்தை. காகிதத்தில் அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பணம் திரும்பி வரவில்லை. கீறலுக்கு மெருகு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய?

இந்த இடத்தில்தான் உங்கள் கட்டுரை சொல்லாமல் விட்ட முக்கியமான விஷயம் வருகிறது. பிரான்சில் 1981 மார்ச் 3-ஆம் தேதியிட்ட ஓர் அரசாணை இருக்கிறது. கலைப்பொருள், பழம்பொருள் விற்பனையில் எந்தச் சொல்லுக்கு என்ன பொறுப்பு என்று அது வரையறுக்கிறது. பில்லிலோ ஏலப் பட்டியலிலோ 'எபோக் லூயி 15', அதாவது பதினைந்தாம் லூயி காலம் என்று எழுதினால், அந்தக் காலத்திலேயே செய்தது என்பதற்கு விற்பவர் உத்தரவாதம் கொடுத்தவர் ஆகிறார். சில பாகங்கள் பின்னால் செய்து சேர்த்தவையென்றால் அதையும் வாங்குபவருக்குத் தெரிவித்தாக வேண்டும். 'ஸ்தீல்' என்று எழுதினால் வயதுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இன்னாருடைய ரசனையில், இன்னாருடைய பாணியில் என்று எழுதுவதும் அதே கதை. இதே ஆணையின்படி, வாங்குபவர் கேட்டால், பொருள் எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது, எவ்வளவு பழையது என்று விற்பவர் சொன்னதையெல்லாம் பில்லில் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்டால்தான். நம்மவர்கள் விலையை மணிக்கணக்கில் பேசுவார்கள், இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். "நீங்கள் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பதில் என்ன மரியாதைக் குறைவு? நேர்மையான வியாபாரி பேனாவை எடுப்பார். மற்றவர் முகம் மாறும். அந்த முகமாற்றம் எந்த முத்திரையைவிடவும் நம்பகமான அடையாளம்.

எழுத்தில் இருந்தால்தான் பின்னால் வழக்குப் போட முடியும். எதை வாங்கினோம் என்பதில் தவறு நேர்ந்துவிட்டது என்று காட்டி விற்பனையையே ரத்து செய்யக் கேட்க, அந்தத் தவறு தெரிந்த நாளிலிருந்து 5 வருஷ அவகாசம் உண்டு. ஏலக்காரர் மீது இழப்பீடு கேட்பதானால் ஏலம் நடந்த நாளிலிருந்து 5 வருஷம். இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டு காலம் தவறவிட்டவர்கள் உண்டு.

படித்தவர்களை, பெரிய இடங்களை யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைக்க வேண்டாம். வெர்சாய் அரண்மனையே போலி நாற்காலிகளை வாங்கி ஏமாந்தது 2016-இல் வெளியே வந்தது. அந்தக் கால நாற்காலிகளைப் பற்றி நாட்டிலேயே அதிகம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒருவரும், தேர்ந்த மரச்செதுக்குக்காரர் ஒருவரும் சேர்ந்து செய்த வேலை. 2025 ஜூனில் பொந்துவாஸ் நீதிமன்றம் இருவருக்கும் தண்டனை கொடுத்தது. முதலில் விளையாட்டாகத்தான் தொடங்கினார்களாம். செய்தியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்ததைவிட, அந்தச் செதுக்குக்காரரின் கை மீது ஒரு மரியாதை வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அத்தனை திறமையை வைத்துக்கொண்டு அவர் பெயரிலேயே செய்து விற்றிருக்கலாமே!

அப்படியானால் சாதாரண ஆள் எதைப் பார்ப்பது? எல்லாப் போலியையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் சோம்பேறித்தனமான போலியைக் கண்டுபிடிக்கலாம், சந்தையில் அதுதான் அதிகம்.

முன்பக்கத்துக்கு முதுகைக் காட்டிவிட்டு, இழுப்பறையை முழுதாக உருவுங்கள். விடமாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம். பக்கப்பலகையும் முன்பலகையும் சேரும் இடத்தில் டவ்டெயில் என்னும் புறா வால் வடிவப் பற்கள் இருக்கும். கையால் அறுத்தது என்றால் ஒன்று போல் ஒன்று இருக்காது, குறித்துக்கொண்ட கோடு இன்னும் தெரியும். எல்லாம் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தால் அது இயந்திரம். இழுப்பறை ஓடி ஓடித் தேய்ந்த இடம் அதன் அடி விளிம்பிலும் இருக்க வேண்டும், அது உட்காரும் சட்டத்திலும் அதற்கு ஜோடியாகப் பள்ளம் இருக்க வேண்டும். ஒன்று தேய்ந்து மற்றொன்று புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள். சட்டத்தை மாற்றியிருக்கலாம், அது குற்றமில்லை, ஆனால் சொல்லியிருக்க வேண்டும். அழுக்கையும் கவனியுங்கள். கை படும் இடத்தில் அழுக்கு இருக்கலாம். கையே எட்டாத மூலையில் விரலடையாளம் மாதிரி மெழுகும் கறுப்பும் பூசியிருந்தால், யாரோ ஓர் ஆள் உட்கார்ந்து பூசியதுதான்.

முன்பலகையின் உட்புறத்தில் கைப்பிடித் திருகாணிகளின் துளை தெரியும். அடைத்த துளைகள் பக்கத்தில் இருந்தால் கைப்பிடி மாறியிருக்கிறது. இருநூறு வருஷத்தில் அது சகஜம். வெளியே துளை அடைத்த தடமும் உள்ளே அடைத்த தடமும் ஒத்துவராவிட்டால், முன்பக்கத்து வெனீர் பின்னால் ஒட்டியது என்று அர்த்தம். முடிந்தால் ஒரு கைப்பிடியின் தகட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வயலெட் மரம், ரோஸ் மரம் என்று இங்கே சொல்லும் இரண்டும் பிரேசிலிலிருந்து வந்தவை, நம் ஈட்டி மரத்துக்குப் பங்காளிகள். வெயில் பட்டுப் பட்டு அவை வெளுத்துவிடும். தகடு மறைத்த இடத்தில் மட்டும் பழைய நிறம் அடர்த்தியாகத் தங்கியிருக்கும். தகட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறம் என்றால், ஒன்று மேற்பரப்பைச் சுரண்டியிருக்கிறார்கள், இல்லை அது இன்னும் வெயிலே பார்க்கவில்லை.

வெனீரின் கனம் விளிம்பிலோ உடைந்த இடத்திலோ தெரியும். அந்தக் காலத்தில் கையால் அறுத்ததால் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாது, இரண்டு வரையும் இருக்கும். இன்றைய இயந்திரச் சீவல் அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் பலமுறை தேய்த்து மெருகு போட்டால் பழைய வெனீரும் மெலிந்துவிடும், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

உளுத்த துளையைக் கண்டதும் பழசு என்று பூரிப்பவர்கள் உண்டு. வண்டு வெளியேறிய துளை சின்ன வட்டமாக இருக்கும். பலகையின் மேற்பரப்பில் நீளவாட்டில் புழு ஊர்ந்த வாய்க்கால் திறந்து கிடந்தால் கதை வேறு. புழு மரத்துக்கு உள்ளேதான் குடைந்து போகும். வாய்க்கால் வெளியே தெரிகிறதென்றால், புழு தின்ற பிறகு அந்தப் பலகையை அறுத்திருக்கிறார்கள். பழைய அலமாரியைப் பிரித்து எடுத்த பலகையில் புதுக் கொமோத் செய்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

மார்பிளின் அடியும் பேசும். அந்தக் காலத்துப் பலகை மேலேதான் வழவழப்பு, அடியில் உளிக்கொத்து. இரண்டு பக்கமும் கண்ணாடி போல இருந்தால் இயந்திரம் அறுத்த பின்னாள் மார்பிள். மார்பிள் மாறினால் விலை குறைய வேண்டும், அவ்வளவுதான்.

வெண்கலத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அது தனிப் படிப்பு. பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துப் பூசிச் சூடு காட்டுவது பழைய முறை. அந்தப் புகையில் நடுக்கம் வந்து செத்தவர்கள் எத்தனையோ பேர். மின்சார முலாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் வந்தது. 1745 முதல் 1749 வரை செம்பு கலந்த பொருளுக்கு வரி கட்டியதற்கு அடையாளமாகக் கிரீடம் வைத்த 'சி' எழுத்து அடித்தார்கள். அசலை அச்சாக வைத்து மறுவார்ப்பு எடுத்தால் அந்த எழுத்தும் சேர்ந்து வரும், ஆனால் முனை மழுங்கிப்போய் வரும்.

என் சொந்தத் தொழிலான மெருகைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கண்ணாடி போல முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் கொமோத்தைப் பார்த்து மயங்காதீர்கள். துணிப்பந்தில் அரக்கை நனைத்து வட்டம் வட்டமாகத் தேய்க்கும் வேலையை நாம் பிரெஞ்சு பாலிஷ் என்கிறோம். பதினைந்தாம் லூயி காலத்தில் அது வழக்கத்தில் இல்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவியது. அந்தப் பளபளப்பு இருந்தால், மேற்பரப்பை யாரோ பின்னால் புதுப்பித்திருக்கிறார்கள். அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் வருகிறது, பட்டறையில் மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னப் பெருமை. ஒட்டுவதற்கு எங்கள் தச்சர்கள் வஜ்ஜிரம் காய்ச்சுவது போலவே இங்கேயும் தோல், எலும்புப் பசை. வெதுவெதுப்பான தண்ணீரில் இளகிவிடும், அதனால்தான் இருநூறு வருஷம் கழித்தும் பிரித்து வேலை பார்க்க முடிகிறது. வெள்ளைப் பசை வழிந்து காய்ந்த தடம் மூலைகளில் தெரிந்தால், பழுது பார்த்தவர் அவசரக்காரர்.

பணத்துக்கு எது பொருத்தம் என்று என்னைக் கேட்டால், பாரிஸ் பெயர்களை விட்டுவிட்டு மாகாணங்களைப் பாருங்கள் என்பேன். கிரெனோபிளில் ஆஷ் குடும்பம் செய்தவை உச்சியில் இருப்பவை, உள்ளே ஒட்டிய சீட்டோடு கிடைத்தால் விலை ஏறிவிடும். அதற்குக் கீழே, லியோன் பக்கத்துக் கனமான வால்நட் கொமோத், போர்தோ துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கிய மகோகனியில் செய்தது, இவையெல்லாம் முழு மரம். ஒட்டுவதற்கு வெனீரே இல்லை, அதனால் உரிந்துபோகும் பயமும் இல்லை. பழைய சாமானுக்கு மவுசு குறைந்து, இவற்றின் விலை நான் தொழிலில் இருந்த காலத்தைவிட மிகவும் இறங்கியிருக்கிறது. நல்ல கையால் செய்த எபோக் கொமோத் வாங்க இது மோசமான நேரமில்லை. மறுவிற்பனை லாபத்துக்காக வாங்குவதென்றால் வேண்டாம். அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

வயலெட் மரம், ரோஸ் மரம் எல்லாம் அழியும் உயிரினங்களைக் காக்கும் உடன்படிக்கையின் பட்டியலில் இருப்பவை. ஆமை ஓடு பதித்த பூல் வேலைக்கு இன்னும் கடுமை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அனுப்பும் எண்ணம் இருந்தால், காசு கொடுப்பதற்கு முன்பே காகிதங்களைக் கேட்டுவிடுங்கள்.

கண் பழகுவதற்கு கொன்யாக்-ஜே, கார்னவாலே இரண்டுக்கும் போகலாம். பாரிஸ் நகராட்சி அருங்காட்சியகங்கள், நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே இழுப்பறையை உருவவிட மாட்டார்கள். அதற்கு ஒன்பதாம் வட்டாரத்தில் துருவோ ஏலக்கூடம் இருக்கிறது. ஏலத்துக்கு முந்தின நாள் பொருட்களை எல்லாரும் பார்க்க வைப்பார்கள், உள்ளே போகக் காசு வேண்டாம், வாங்கியே தீர வேண்டும் என்றும் இல்லை. பணியாளரிடம் கேட்டால் மார்பிளைத் தூக்கிக் காட்டுவார். சேன்-துவான் பழம்பொருள் சந்தையில் சனி, ஞாயிறு, திங்கள் சுற்றலாம், ஆனால் அங்கே விற்பவர் வாய் பேசும். துருவோவில் பொருள் மட்டும் பேசும் என்பதால் எனக்கு அதுவே பிடிக்கும். கையில் சின்ன டார்ச் இருக்கட்டும். ஏலத்தில் எடுப்பதானால், தட்டிய விலைக்கு மேல் நூற்றுக்கு 25 முதல் 30 வரை கட்டணம் சேரும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கையைத் தூக்குங்கள்.

வாங்கியாயிற்று, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மார்பிளை முதலில் இறக்குங்கள். படுக்க வைத்துத் தூக்கினால் தன் பாரத்திலேயே நடுவில் உடைந்துவிடும், கண்ணாடியைத் தூக்குவது போல் நிமிர்த்திப் பிடித்து இரண்டு பேர் தூக்க வேண்டும். இழுப்பறைகளை உருவித் தனியே கொண்டுபோங்கள். கொமோத்தை உடம்பில் பிடித்துத் தூக்க வேண்டும், காலையோ வெண்கலத்தையோ பிடித்து இழுக்கக் கூடாது. வீட்டில் ஹீட்டருக்குப் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம். பாரிஸ் குளிர்காலத்தில் அந்த வறண்ட சூட்டுக்கு வெனீர் ஒரே வருஷத்தில் கிளம்பிவிடும். கிளம்பியிருக்கிறதா என்று பார்க்க நகத்தால் மெல்லத் தட்டுங்கள். உள்ளே காலியாக ஒலித்தால் உடனே பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள், உரிந்து விழும் வரை காத்திருக்காதீர்கள். விழுந்துவிட்டால் அந்தச் சின்னத் துண்டைக் குப்பையில் போடாமல் ஓர் உறையில் போட்டு இழுப்பறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மரச்சாமான் மெருகு வேலையில் ஓய்வு பெற்ற வாசகர்,
மோந்த்ரேய், பிரான்ஸ்